ஐம்பது அடி பின்னால்

மாமா,

இன்று காலை உங்கள் கொழுந்தியாள், என் சின்ன அத்தை, குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தார். நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறாள். கீழே, ‘கர்ப்பிணிகள் அவசியம் பார்க்கவும், உடற்பயிற்சி மிக நல்லது’ என்று ஒரு வரி. கூடவே நான்கு கும்பிடு. உங்கள் மகன், என் வீட்டுக்காரர், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். உங்கள் வீட்டு அத்தை பூப்படம் போட்டிருக்கிறார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அதை இரண்டு முறை பார்த்தேன். சிரிப்புகூட வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் போனை ஒரு விரலால் தள்ளிவிட்டு, “இவளுக்கு இப்பதான் பொழுது விடிஞ்சிருக்கு” என்றிருப்பீர்கள். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த வீட்டில் ஒழுங்காக இகழத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் இதே சின்ன அத்தை என்ன சொன்னார் என்று அந்தக் குழுவில் யாருக்கும் நினைவில்லை. எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். தென்காசியில் நாம் பார்த்த டாக்டரம்மா, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி, நாலைந்து பயிற்சியும் சொல்லிக்கொடுத்திருந்தார். பாயில் கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை முதுகை வளைப்பதுபோல் வளைத்துக்கொண்டிருந்தேன். செங்கோட்டையிலிருந்து முறுக்கு டப்பாவோடு வந்த சின்ன அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏட்டி, என்ன கூத்து இது? பிள்ளத்தாச்சி செய்யுத காரியமா? பிள்ளைக்குக் கழுத்துல கொடி சுத்திக்கிடும்!”

நீங்கள் பேப்பரை மடிக்காமலேயே கேட்டீர்கள்: “உங் கழுத்துல ரெண்டு சங்கிலி சுத்திக் கிடக்கே, நீ எந்தப் பாயில குனிஞ்ச?”

சின்ன அத்தைக்கு அன்று முழுக்கக் கோபம். பயிற்சியை விட்டுவிடவா என்று உங்கள் மகனிடம் கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “எல்லாரும் சொல்லுதாங்கல்ல, படுத்துக்கிட வேண்டியதுதான?” என்றார். கல்யாணத்துக்கு முன் ஆய்க்குடியில் பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கோகோ ஆடி ஓடியவள் நான். என்னைப் பொட்டலம் கட்டி ஒன்பது மாதம் கட்டிலில் வைத்துவிடலாம் என்று இவர்கள் நினைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் நீங்கள் குடையோடு வாசலில் நின்றீர்கள். “வாம்மா, குத்தாலம் ரோட்டுல ஒரு நடை போயிட்டு வருவோம்.” மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருடம் கம்பவுண்டராக இருந்தவர் நீங்கள். சின்ன அத்தை, “மருமவளும் மாடும் ஒண்ணா அத்தான்?” என்று கேட்டபோது, “ஒண்ணு இல்ல. செனமாடு படுத்தே கெடந்தா நாங்க ஊசி எடுத்துட்டு ஓடுவோம். நீங்க போர்வையப் போத்துதிய” என்றீர்கள். என்னை மாட்டோடு சேர்த்ததற்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அந்த வீட்டில் என் பக்கம் நின்ற ஒரே வாக்கியம் அதுதான்.

சாரல் காலம். வேன் வேனாக வெளியூர்க்காரர்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். லாட்ஜ் வாசலில் எண்ணெய் பளபளக்க, துண்டைக் கட்டிக்கொண்டு தொந்தியைத் தள்ளிக்கொண்டு நின்ற ஆண்கள் என் வயிற்றை முறைத்துப் பார்த்தார்கள். “பாரும்மா,” என்றீர்கள், குரலைத் தாழ்த்தாமல். “இவனுவ வயித்துல என்ன இருக்குன்னு எவனாவது கேக்கானா?” தெருவில் அதைவிட மோசம். மாமனார் மருமகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார் என்று கதவிடுக்கு வழியே பேசினார்கள். நேருக்கு நேர் கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை. உங்கள் நாக்கு அப்படி.

ஏழாம் மாதத்தில் ஒருநாள், பாதி வழியில் வயிறு கல்போல் இறுகியது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் கையிலிருந்த குடை நழுவி ரோட்டில் உருண்டது. எத்தனையோ கன்றுகளை இழுத்து எடுத்த கை அது. ஆட்டோவில் ஏற்றி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். டாக்டரம்மா பரிசோதித்து, குழந்தையின் இதயத்துடிப்பையும் கேட்டுவிட்டு, “ஒண்ணுமில்ல, இந்த மாசத்துல சும்மாவே இப்படி இறுகும். தண்ணி நல்லாக் குடிங்க. வலி தொடர்ந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலை சுத்துனாலோ உடனே வந்துரணும். மத்தபடி நடங்க” என்றார். வீட்டில் அதை யாரும் காதில் வாங்கவில்லை. சின்ன அத்தை வெற்றி பெற்றவர்போல் உட்கார்ந்திருந்தார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். வழக்கமாக வரும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தேன்.

“கொஞ்ச நாளைக்கு வேண்டாம்மா” என்றீர்கள்.

மற்றவர்கள் மீது எனக்கு இருந்தது வெறும் அலட்சியம். உங்கள் மீது அன்று வந்தது அதைவிடக் கீழானது. “நீங்களும் இவங்கள்ல ஒரு ஆள்தான மாமா” என்றேன், எல்லோர் முன்னாலும். நீங்கள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டீர்கள்.

மூன்றாம் நாள் தனியாகக் கிளம்பினேன். யாரும் தடுக்கவில்லை, பேசாமல் இருந்தே தண்டிக்கப் பார்த்தார்கள். மேலகரம் தாண்டும்போது செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஐம்பது அடி பின்னால் நீங்கள். நான் நின்றால் நின்றீர்கள், நடந்தால் நடந்தீர்கள். பக்கத்தில் வரவே இல்லை. நான் கூப்பிடவும் இல்லை. பிரசவ வலி எடுத்த நாள்வரை இரண்டு மாதமும் அப்படியே போயிற்று. சாரலில் நீங்கள் நனைந்து வருவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நான் வீம்பாக நடந்தேன்.

உங்கள் பேத்தி பிறந்த அன்று, வராந்தாவில் சின்ன அத்தை தான் நேர்ந்துகொண்ட சாமிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் மட்டும் உள்ளே வந்து கட்டில் ஓரம் நின்றீர்கள்.

“பயந்துட்டேம்மா,” என்றீர்கள். “அவளுவ சொல்லுதது ஒருவேள நெசமாயிருந்தா என்ன செய்யன்னு பயந்துட்டேன். எனக்கு மாடுதான் தெரியும்.”

மன்னிப்புக் கேட்க எனக்கு அந்த நிமிடம் போதுமாயிருந்தது. “தெரியும் மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு, குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரையே இகழ உங்களிடம் கற்றவள், அன்று உங்களிடமும் அதையே காட்டினேன். இன்றுவரை நான் சுமப்பது, நீங்கள் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போன அந்தச் சத்தத்தை.