பெயர் சொல்லி அழைத்தவள்

ஜூலை 9, செவ்வாய்

இரண்டாம் படிவத்துப் புவியியல் தாள்களைத் திருத்தி முடித்தேன். குளிரில் விரல்கள் விறைத்துவிட்டன. மலைக்காற்று சமையலறைக் கதவை நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது.

ஹேவோன் இன்று தானே சோளக்களி கிண்டினாள். பாதி சட்டியில், பாதி தரையில். சபை அவளை என் வீட்டுப் பின்னறையில் தங்கவைத்து ஐந்து மாதமாகிறது. கொரியாவிலிருந்து, மொசாம்பிக் எல்லையோரம் இருக்கிற எங்கள் மலையூருக்கு ஊழியத்துக்கு வந்த பெண், இருபத்து நாலு வயது. களி கிண்டக் கையில் வலு இல்லை. ஆனால் ஊரில் எல்லார் பேரும் அத்துப்படி. நடந்துகொண்டே முணுமுணுத்து மனப்பாடம் செய்கிறாள். அடிபம்பில் நிற்கிற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கும்பிடுகிறாள். எங்கள் மொழியை வேதாகமத்தை வைத்துப் படித்ததால் பேச்செல்லாம் தீர்க்கதரிசி மாதிரி. "எஸ்னாத்தியே, நீர் சுகமாயிருக்கிறீரோ?"

பக்கத்து வீட்டு எஸ்னாத்தி பீர் காய்ச்சி விற்பவள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். "டீச்சர், உன் பொண்ணு என் நாயைக்கூட வாங்க போங்கன்னு கூப்பிடுது. இப்ப அந்த நாய் நான் கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டேங்குது" என்றாள்.

ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

விடியும் முன்பே ஜெபம் ஆரம்பித்துவிடுகிறாள். அவர்கள் நாட்டுச் சபையில் இப்படித்தானாம் — வாய்விட்டு, உரக்க, ஒவ்வொரு ஆளுக்காகவும் தனித்தனியாக. கொரிய மொழியில் ஓடிக்கொண்டே இருக்கும். நடுநடுவே கல் விழுந்த மாதிரி எங்கள் ஊர்ப் பேர்கள். பாதித் தூக்கத்தில் நான் எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன்: இது பம்புக்காரர், இது எஸ்னாத்தி, இது என் தம்பி லமேக்கி.

லமேக்கி பாடகர் குழுவில் அடிக்குரல். ஆராதனை முடிந்ததும் ஹேவோன் அவனுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறாள். ஆரம்பிக்கும் முன் தொடையில் இரண்டு விரலால் தட்டி எண்ணுவான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவளும் இப்போது அதே மாதிரி தட்டுகிறாள். அவன் மனைவி ஃபலேசிக்கு இது நாலாவது மாதம். கல்யாணமாகி எத்தனை வருஷம் காத்திருந்தார்கள் இதற்கு.

ஆகஸ்ட் 3, சனி

இதை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

ஊர்த்தலைவரின் அம்மாவுக்குத் துக்கம் முடிக்கும் ஆட்டம் இன்று. சபைக்காரர்கள் போகக்கூடாது. ஆகவே எல்லாரும் ரோட்டில் நின்று பார்த்தோம். ஹேவோனிடம் முன்கூட்டியே சொன்னேன்: "தோப்பிலேர்ந்து மிருகங்கள் வரும். கிட்டப் போகாதே." அது போதும் என்று நினைத்தேன். வேறு எப்படிச் சொல்வது? அந்த மிருக முகமூடிக்குள் இருப்பது ஆள் என்று இந்த ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். தெரியாமல் இருப்பதுதான் எங்கள் வேலை. எந்த வீட்டு ஆண் முகமூடி கட்டத் தோப்புக்குப் போகிறான் என்று மனைவி கேட்பதில்லை, பாஸ்டரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை, மற்ற நாளில் தோப்பு. இரண்டையும் யாரும் ஒரே வாயால் பேசுவதில்லை. அதனால் இரண்டும் நடக்கின்றன.

கடைசியாகச் சிவப்பு முகம் வந்தது, கோணி நாரெல்லாம் தொங்க. மத்தளத்துக்காக ஒரு நொடி நின்றது. நின்றபோது தொடையில் இரண்டு விரல் தட்டியது.

நான் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள்.

குதித்தாள். கைதட்டினாள். "லமேக்கி! லமேக்கி!" என்று சந்தோஷமாக, சந்தையில் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி கையை ஆட்டினாள்.

மத்தளம் நின்றுபோனது.

எஸ்னாத்திதான் முதலில் கத்தினாள்: "அய்யோ, என்ன மிருகம்டி இது! எந்தக் காட்டுலேர்ந்து வந்துச்சு!" உடனே எல்லாப் பெண்களும், "மிருகம்! மிருகம்!" என்று அலறிக்கொண்டு ஓடினோம். நானும் கத்தினேன். கத்திக்கொண்டே ஹேவோனை இழுத்துக்கொண்டு வீடு வந்தேன். "நான் என்ன பிழை செய்தேன்?" என்று வழியெல்லாம் கேட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சபைக்கு லமேக்கி வரவில்லை. எங்கள் வீட்டு வாசற்படியில் யாரோ ஒரு கை சாம்பல் கொட்டியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தோப்பின் மூப்பர் கசிங்கா வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு ஆட்டைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் நிதானமாகப் பேசினார். பிறகு அதே குரலில்:

"டீச்சரம்மா, அந்தப் பொண்ணு ஒரு மிருகத்துக்குப் பேர் வச்சிடுச்சு."

"எனக்கு மிருகங்களைப் பத்தித் தெரியாதுங்க."

"நல்லது. தெரியக் கூடாது. ஆனா பேர் ஒண்ணுதானே இருக்கு? மிருகம் வச்சுக்கிட்டா மனுஷனுக்கு இல்ல. சின்னப் பொண்ணு, அயலூரு, தெரியாம வந்துடுச்சுன்னு பேசி வச்சிருக்கோம். மழை வர்ற வரைக்கும் அந்தப் பேர் ஊர் நடுவுல இன்னொரு தடவை விழக் கூடாது. மழை வந்தா சாம்பலோட அதுவும் கரைஞ்சு போயிடும்."

"விழுந்தா?"

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "அந்தப் பேரை அடக்கம் பண்ணிடுவோம்."

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு தடவை நடந்தது. உடல் இல்லாத அடக்கம். அதற்குப் பிறகு அந்த ஆளை யாரும் பார்ப்பதில்லை. தீ கொடுப்பதில்லை, தண்ணீர் கொடுப்பதில்லை. அந்த மனிதன் தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அவனைத் தாண்டித் தாண்டிப் போனாள். ஒருநாள் அவன் அங்கே இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

விடியலில் ஜெபச் சத்தம். "…லமேக்கி…" படுக்கையிலிருந்து எப்படி எழுந்து ஓடினேன் என்று தெரியவில்லை. சன்னலைச் சாத்தினேன், ரேடியோவைப் போட்டேன். "தலைவலி, மெதுவா ஜெபம் பண்ணு" என்று பொய் சொன்னேன். மன்னிப்புக் கேட்டாள், பாவம். எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, என் பேரையும் சேர்த்து ஜெபித்தாள்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை? சொன்னால், உள்ளே ஆள் இருக்கிறான் என்று என் வாயால் சொன்னதாகும். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். நேரே கசிங்கா வீட்டுக்குப் போய் முழங்காலிட்டு, 'லமேக்கியை மன்னியும்' என்று கேட்பாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று அவளிடம், "ஊர் வழக்கப்படி, கொஞ்ச நாளைக்கு அவனைத் தம்பின்னு மட்டும் கூப்பிடு" என்றேன்.

"ஏன் அம்மா? பேர் சொல்லி அழைத்தால்தானே ஒருவரை நேசிக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்?"

குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனேன்.

மத்தியானம் லமேக்கி வீட்டுக்குப் போனேன். கூரைக்குப் புல் கட்டிக்கொண்டிருந்தான். தலையே நிமிரவில்லை. "அக்கா, உன் கொரியாக்காரிக்கு வாய்ப்பூட்டு ஒண்ணு வாங்கிப் போடு. என் செலவுல." சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பிள்ளை பொறக்குறப்ப நான் இங்க இருக்கணும்கா. அவ்வளவுதான் வேணும்." ஃபலேசி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள், வணக்கம் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பட்டப்பகலில் ஒரு முகமூடி எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றது. ஆடவில்லை. மத்தளமும் இல்லை. வீட்டைப் பார்த்தபடி நின்றது, போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஹேவோனைக் கண்டால் இப்போது பாதை மாறுகிறார்கள். அடிபம்பில் அவள் குடத்தை வைத்தால் எஸ்னாத்தி தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள். வாயைத் திறப்பதே இல்லை. எஸ்னாத்தி வாய் மூடியிருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

ஹேவோன் தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருக்கிறாள். தன்னால்தான் அவன் சபையை விட்டான் என்று அழுகிறாள். அவள் நினைப்பது சரிதான், ஆனால் அவள் நினைக்கிற காரணம் இல்லை.

அக்டோபர் 30, புதன்

வெயில். மழை பிந்திவிட்டது. நிலம் உழுது கிடக்கிறது, விதை வீட்டிலேயே இருக்கிறது. ஊர் முழுக்க வானத்தைப் பார்க்கிறது. என்னைப்போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நவம்பர் 16, சனி

மலைக்குப் பின்னால் காலையிலேயே கறுத்துவிட்டது. இன்று, மிஞ்சினால் நாளை. வீடு பெருக்கும்போது என்னை அறியாமல் பாடினேன்.

பத்து மணிக்குத் தலைவர் எல்லாரையும் அத்திமரத்தடிக்கு வரச் சொன்னார், மழை ஜெபத்துக்கு. டவுனிலிருந்து பாஸ்டர் வருவதாகத்தான் ஏற்பாடு. அவருடைய வண்டி வரவில்லை. தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தக் கொரியாப் பொண்ணு நல்லா சத்தமா ஜெபிக்குமாமே. அது பண்ணட்டும். மேகத்துக்குக் காது கேக்காம கெடக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரைத் தடுக்க நான் யார்?

அவள் காதில், "சுருக்கமா. யார் பேரும் வேண்டாம். எனக்காக" என்றேன். "சரி அம்மா" என்றாள். மனசாரச் சொன்னாள், எனக்குத் தெரியும்.

கண்ணை மூடினாள். முதலில் மண்ணுக்காக, விதைக்காக. பிறகு குரல் ஏறியது. உடம்பு ஆடத் தொடங்கியது. எங்கள் மொழியும் அவள் மொழியும் கலந்து ஓடின. தலைவர் பேர், பம்புக்காரர் பேர், எஸ்னாத்தி. நிறுத்து, நிறுத்து என்று நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். அவள் இங்கே இல்லை. "என் நிமித்தம் உமது வீட்டை விட்டு விலகிப்போன உம்முடைய பிள்ளை லமேக்கியைத் திரும்பக் கொண்டுவாரும் ஆண்டவரே!"

மூன்று தடவை சொன்னாள்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. கசிங்கா மெதுவாகத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தோம். புழுதியில் பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று மாலையிலிருந்து விடாத மழை. நல்ல மழை என்கிறார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

தோப்பிலிருந்து அழுகைக்கு ஆள் அனுப்பினார்கள். போனேன். கூடப்பிறந்தவள் போகாவிட்டால் யார் போவது?

சின்ன மேடு. பக்கத்தில் குழி தோண்டிய ஈர மண்வெட்டி. ஃபலேசியை முன்னால் உட்காரவைத்திருந்தார்கள், வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு. ஒப்பாரியை நான்தான் எடுக்க வேண்டும். எப்படிப் பொய்யாக அழுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை.

வீட்டில் ஹேவோன் கதவருகே காத்திருந்தாள். "மரித்தது யார் அம்மா?"

"நீ கூப்பிட்ட பேர்."

எல்லாவற்றையும் சொன்னேன். இனி மறைத்து என்ன? முகம் வெளுத்தபடி கேட்டாள். பிறகு திடீரென்று சன்னலுக்கு ஓடினாள். "இல்லை அம்மா, இதோ உயிரோடு இருக்கிறார், ரோட்டில் நடந்து போகிறார், பாருங்கள்!"

"யாரு?" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 20, புதன்

மத்தியானம் அவன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். தோளில் ஒரு பை. ரோட்டுக்கு எதிரே தோப்பு ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா. கொஞ்சம் தண்ணி."

நான் பாத்திரம் கழுவ வந்தவள் மாதிரி குடத்தைக் கொண்டுபோய் வேலியோரம் வைத்தேன். குவளையையும் வைத்தேன். மறந்து வைத்தவள் மாதிரி உள்ளே வந்துவிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தேன். செருப்பு இல்லை, சேறு.

சன்னலில் ஹேவோன் வாயைத் திறந்தாள். பாய்ந்து பொத்தினேன். அவள் மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது. வெளியே குவளையை வைக்கிற சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.

எல்லைக்குப் போகிற புகையிலை லாரி மூன்று மணிக்கு மலைப்பாதையில் ஏறும். அதில் ஏறியிருப்பான். மொசாம்பிக் பக்கம் ஒருத்தரும் அவனிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். புதுசாக ஒரு பேர் வைத்துக்கொள்ளட்டும். என்ன பேர் வைத்துக்கொள்வான்? எனக்கு அது தெரியவே போவதில்லை.

டேய், சாப்பிட்டியாடா?

டிசம்பர் 1, ஞாயிறு

ஊருக்குத் திரும்புகிறாயா என்று ஹேவோனிடம் டவுன் சபையிலிருந்து கேட்டார்களாம். இல்லை என்றாளாம். விடியலில் எழுந்திருக்கிறாள், சத்தம் வருவதில்லை. சோளம் முளைத்திருக்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

ஃபலேசிக்கு ஆண் குழந்தை. முன்கூட்டியே வந்துவிட்டது, ஆனாலும் அழுகையில் குறையில்லை. ஹேவோன் அவளுடன் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். பழந்துணியைத் துவைத்தாள், கஞ்சி காய்ச்சினாள். ஃபலேசி அவளைத் துரத்தவும் இல்லை, அவளோடு பேசவும் இல்லை.

காலையில் நான் போனபோது வராந்தா முழுக்க எங்கள் ஊர்ப் பெண்கள். லிலோங்வேயிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ், குழந்தையின் அப்பா பேர் என்ன என்று கேட்டாள். ஃபலேசி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நர்ஸ் இன்னொரு தடவை கேட்டுவிட்டு, அலுத்துப்போய் ஹேவோன் பக்கம் திரும்பினாள்.

"ஊர்ல எல்லார் பேரும் உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க. நீங்களே சொல்லுங்க சிஸ்டர். இந்தப் பொண்ணோட புருஷன் யாரு?"

வராந்தாவில் பேச்சு நின்றது. குழந்தை ஹேவோன் கையில் இருந்தது. அதன் நெற்றியை, மூக்கை, அப்படியே அவனாக இருக்கிற அந்த உதட்டை அவள் பார்த்தாள்.

"அந்த மனுஷனை எனக்குத் தெரியாது" என்றாள்.

நர்ஸ் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். எஸ்னாத்தி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டாள்.