தில்லைக்கு எப்போது பதினெட்டு

18-10-65, திங்கள்

மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். மிச்சம் இருந்ததுகளை வைத்துக்கொண்டு வாய்ப்பாடு. ஹெட்மாஸ்டர் ஒரு சாக்பீஸை மூன்றாக உடைத்து ஆளுக்கொரு துண்டு தருகிறார். கேட்டால் யுத்தமாம். யுத்தத்துக்கும் சாக்பீஸுக்கும் என்ன சம்பந்தமோ.

சாயங்காலம் பட்டம்மாள் டீச்சரிடமிருந்து கவர். சிதம்பரத்தில் என் மகள் தில்லைக்குக் கணக்கு எடுத்தவள். அவள் மூலமாகத்தான் தில்லை எனக்குக் கடிதம் போட முடிகிறது. அவள் அப்பா சடையப்பனுக்குத் தெரிந்தால் பெண்ணின் தோலை உரித்துவிடுவார். உள்ளே அரைப் பக்கம். "அம்மா, புவனகிரி அத்தை மகனுக்கே என்னைப் பேசிவிட்டார்கள். எனக்கு இஷ்டமில்லை. டீச்சர் டிரெயினிங் படிக்கணும். தையில் பதினெட்டு முடிகிறது. அப்புறம் யாரும் பிடித்து வைக்க முடியாதாமே. உன்னிடம் வந்துவிடுகிறேன்."

'உன்னிடம்' என்பதை மட்டும் எத்தனை தடவை படித்தேனோ. ஏழு வருஷமாச்சு. இன்னும் நூறு நாள் இருக்கும்.

21-10-65

புதுப் பாய் ஒன்று வாங்கினேன், அவளுக்கு. இப்போதே எதற்கு என்று கேட்காதே மங்கலம். வாங்கினேன், அவ்வளவுதான்.

6-11-65, சனி

பக்கிரி வந்தார். மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தா. பேத்தி என் வகுப்பு, அதனால் காசு பேசாமல் வந்து உட்கார்ந்து பேசுகிற மனுஷன்.

"பொண்ணுக்கு வயசு பதினெட்டுன்னு எதை வச்சு டீச்சரம்மா சொல்றீங்க?" என்றார். பெற்றவள் நான், வேறு எதை வைத்துச் சொல்வது? சர்வசித்து வருஷம் தைப்பூசம். வடலூர் ஜோதி பார்க்கப் போகிற கும்பல் தெருவோடு போகிறது, நான் இடுப்பு வலியில் கிடக்கிறேன். நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

"கோர்ட்டு ஜோதியைக் கேக்காது. எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்துல என்ன இருக்கு?"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 12-6-1949.

எழுதியது யார்? நான்தான். ஐம்பத்து நாலு ஜூன், அப்போது சிதம்பரத்தில் எனக்கு வேலை. என் ரிஜிஸ்டர், என் பேனா. ஜூன் வந்தால் எங்களுக்கு இதுதானே பிழைப்பு. கையைத் தலைக்கு மேல் போட்டுக் காதைத் தொடச் சொல்ல வேண்டியது, தொட்டால் அஞ்சு வயசு, ஜூனில் ஒரு தேதி. ஊரில் பாதிப் பிள்ளைகள் நான் பெறாமல் ஜூனில் பிறக்க வைத்த பிள்ளைகள். என் பெண்ணுக்கு மட்டும் கெட்டிக்காரத்தனமாக ஒன்றரை வருஷம் குறைத்தேன். பின்னால் உத்தியோகத்துக்கு ஒதவும் என்று. ஒதவிச்சு.

அப்படியென்றால் அறுபத்தேழு ஜூன் வரைக்கும் அவள் மைனர். "அவ உங்ககிட்ட வந்தா, கடத்திட்டுப் போனதா அவ தகப்பனாரு புகார் கொடுக்கலாம்" என்றார்.

"கல்யாணம் மட்டும் பண்ணலாமா?"

"பொண்ணுக்குப் பதினஞ்சு முடிஞ்சா போதும். பதினெட்டுக்குள்ளன்னா கார்டியன் சம்மதம் வேணும். கார்டியன் தகப்பன். அவரு சம்மதத்த அவருகிட்டயே கேட்டுக்குவாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வயசு வந்தாச்சு, வேணாம்னு சொல்ல வயசு வரலையா? எந்த மடையன் எழுதினான் இதை?

பக்கிரி சிரிக்கவில்லை. ஒரு ஆள் எழுதினதில்லையாம். "ஒவ்வொரு வயசும் ஒவ்வொரு சண்டையில வந்தது டீச்சரம்மா. ஒரு பொண்ணு சரின்னு சொன்னா அத சரின்னு எடுத்துக்கலாமாங்கிறதுக்கு வெள்ளக்காரன் மொதல்ல போட்டது பத்து வயசு. சின்னப் பொண்ணுங்க சீரழிஞ்சு செத்தப்புறம் பன்னண்டாச்சு, அப்புறம் பதினாலு, இப்ப பதினாறு. அதுலயும் புருஷன்னா பதினஞ்சு. பதினெட்டு வந்தது சொத்துக்காக, மைனர் கையெழுத்த வாங்கி ஏமாத்துறானுங்கன்னு. ஓட்டுக்கு இருபத்தொண்ணு. பாண்டிச்சேரில பிரெஞ்சு சட்டத்துல பேரு பதிஞ்ச குடும்பத்துக்கு எல்லாத்துக்கும் இருபத்தொண்ணு. எல்லா வயசையும் ஒரே மேசைல வச்சு யாரும் பாக்கல."

என் பெண் அந்த மேசைக்கும் இந்த மேசைக்கும் நடுவில் நிற்கிறாள். தள்ளிவிட்டது நான்.

7-11-65

ஞாயிறு. சமைக்கவில்லை.

7-1-66, வெள்ளி

சிதம்பரம் போய் வந்தேன். ஆருத்ரா கூட்டம் எனக்கு வசதி, யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். நேற்று தேர் வந்தபோது கீழவீதி முனையில் அவள் நின்றாள், பக்கத்தில் அவள் அத்தை, கையைப் பிடித்துக்கொண்டு. என்னைவிட உயரமாகிவிட்டாள். யாரைக் கேட்டு உயர்ந்தாள்?

பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, கண்ணை மட்டும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. தேர் நடுவில் வந்தது, நகர்ந்தபோது அத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவு பேர் சாமியைப் பார்த்துக் கை கூப்பினார்கள். நான் சாமியைப் பார்க்கவே இல்லை.

13-2-66, ஞாயிறு

வைகாசியில் கல்யாணம் என்று பட்டம்மாள் எழுதியிருக்கிறாள்.

பக்கத்து வீட்டு சைதுன் அக்காவிடம் உட்கார்ந்து அழுதேன். அக்கா என் தலையைக் கோதிவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். "எங்கள்ல பொண்ணுகிட்ட வந்து கேப்பாங்க மங்கலம், சம்மதமான்னு. எனக்கும் கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. வெக்கப்படுறா, சம்மதம்தான்னு போயிட்டாங்க. வெக்கம் எங்க வந்துச்சு, பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "உங்கள்ல ஜாதகம் பாத்துத்தான கட்டுவாங்க? ஸ்கூல் தேதியை வச்சா பாத்தாங்க?"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

20-2-66

பக்கிரி புவனகிரி ஜோசியரைப் பிடித்துவிட்டார். பொருத்தம் பார்க்க சடையப்பன் தன் கையாலேயே கொடுத்த ஜாதகம். சர்வசித்து, தைப்பூசம். நகலும் வாங்கியாச்சு.

ஆனால் அது மட்டும் போதாதாம். ரிஜிஸ்டர் தேதி பொய், எழுதினவள் நான்தான் என்று நான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். "வேலைக்கு ஆபத்து, யோசிச்சுக்குங்க" என்றார்.

வேலை. "வேலைய விடு, இல்ல வீட்ட விடு" என்று சடையப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு நான் எதை விட்டேன்? வீட்டையா விட்டேன்? பத்து வயசுப் பிள்ளையை விட்டேன். ஒரு மாசத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது.

20-4-66, புதன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு தில்லை வாசலில் நின்றாள். ஒரு துணிப்பை, எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகம். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். என் கூடத்தில், என் தட்டில், என் மகள் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் சோறு கேட்டாள். சாயங்காலம் கான்ஸ்டேபிளும் சடையப்பனும் வந்துவிட்டார்கள்.

இன்று சிதம்பரத்தில் மாஜிஸ்ட்ரேட் முன்னால். பொய்த் தேதி எழுதியது நான்தான் என்றேன். பக்கிரியின் வக்கீல் ஜாதகத்தை எடுத்து நீட்டி, இது தப்பா சரியா என்று சடையப்பனைக் கேட்டார். தப்பென்றால் அக்காள் வீட்டில் தலை காட்ட முடியாது, சரியென்றால் பெண் மேஜர். மனுஷன் தரையைப் பார்த்தபடியே, "சரிதாங்க" என்றார். ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது.

அப்புறம் மாஜிஸ்ட்ரேட் அவளிடம் கேட்டார். "யாரோடம்மா போற?"

தில்லை அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பட்டம்மாள் டீச்சர் வீட்டுக்குங்க. ஜூன்ல டிரெயினிங் ஸ்கூல் ஹாஸ்டலுக்கு."

நான் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பக்கிரி மெதுவாகத் தொட்டதும்தான் மடக்கினேன்.

21-4-66

பாயைச் சுருட்டிப் பரண் மேல் போட்டேன். ஏன்? ஏண்டி? உன்னிடம் வருகிறேன் என்று நீதானே எழுதினாய்?

3-6-66

மெமோ வந்தது. இரண்டு வருஷம் இன்கிரிமென்ட் கிடையாது. வேலை தப்பியது. சந்தோஷப்படணும், படுகிறேன்.

21-8-66, ஞாயிறு

வந்தாள். ஹாஸ்டலில் போய் வர அனுமதி வாங்கிக்கொண்டு. எண்ணெய் தேய்த்துவிட்டேன், தலை கொடுத்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். அன்றைக்குக் கோர்ட்டில் ஏன் என் பேரைச் சொல்லவில்லை?

தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம், "நீ ஊர விட்டுப் போன அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன்ல. வரியான்னு நீ கேக்கவே இல்லம்மா."

"பத்து வயசுடி உனக்கு. உனக்கு என்ன தெரியும்னு—"

"உன்கூட வரணும்னு தெரியும்."

என் கை அவள் தலையிலேயே நின்றுவிட்டது. எண்ணெய் நெற்றியில் வழிந்தது, அவளே துடைத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நாலரை பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை வரியா தில்லை?"

யோசித்தாள். "இல்லம்மா, பரீட்சை இருக்கு. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்."

சரி என்றேன். பதினாலு நாள் இருக்கிறது.