தெருமுனையில் லாரிச் சத்தம்

பெரம்பலூர்
3.2.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

உன்னைக் கட்டிய மாமன் வீரமுத்து எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், பயப்படாதே. இந்தப் போதை மீட்பு மையத்தில் போன் தரமாட்டார்கள். அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பேனா பிடித்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் சிரிக்காதே.

இடுப்பு வலிக்கென்று தின்று பழகிய மாத்திரை, உடம்பை விட்டுப் போகும்போது எலும்பையும் கழற்றிக்கொண்டுதான் போகும் போலிருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது. கால் ஓரிடத்தில் கிடக்க மறுக்கிறது. தூக்கம் அறவே இல்லை. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்குமாக டாக்டரம்மா வேறொரு மாத்திரை தருகிறார். அதில் வாய் வறள்கிறது, கண் அசந்தால் கனவு. லாரியை நம் தெருமுனையில் நிறுத்திவிட்டு உள்ளே வருகிறேன். நீ கட்டிலில் கிடக்கிறாய். கூப்பிட்டால் திரும்புவதில்லை. மாத்திரையின் வேலைதான், போகப் போகத் தணியும் என்கிறார்.

டூல்ஸ் பெட்டியில் நான் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எரித்துவிட்டாயா? ஒரு வரி எழுது. அவை அங்கே இருக்கும்வரை வீட்டை நினைக்கவே பயமாக இருக்கிறது.

உன்
வீரமுத்து


விக்கிரமங்கலம்
9.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயசித்ரா எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் எழுத்தைப் படிக்கப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் அக்காவின் கண்ணாடியை இரவல் வாங்கவேண்டியதாயிற்று.

பருத்தி எடுக்க ஆள் கிடைக்கவில்லை, நானே எடுத்தேன். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. இப்போது வலியே இல்லை. நீங்கள் போன புதிதில் பொட்டுத் தூக்கம் இல்லாமல் கிடந்தவள், இப்போது அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன், பகலில்கூட. சோறுதான் இறங்கவில்லை. மூக்கு நுனி ஓயாமல் அரிக்கிறது. பருத்தித் தூசாக இருக்கும்.

ஒன்று சொன்னால் திட்டக்கூடாது. உச்சி வெயிலில் படுத்திருக்கும்போது தெருமுனையில் நம் லாரிச் சத்தம் கேட்கிறது. அதைத்தான் விற்றுவிட்டோமே. பிறகு நீங்கள் வந்து கட்டிலோரம் நிற்கிறீர்கள், என் பெயரைச் சொல்கிறீர்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே இப்படித்தான். எனக்குத் திரும்பிப் பார்க்க மனம் வருவதில்லை, அவ்வளவு சுகமாக இருக்கிறது.

முந்தாநாள் அக்கா முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினார். "பொணமாட்டம் கெடக்குறியேடி" என்று ஒரே ஏச்சு. பெட்டியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெயசித்ரா


பெரம்பலூர்
13.2.2025

சித்ரா,

கனவுத் தொல்லையை மறுபடியும் சொன்னதும் டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்து, காலையில் போடச் சொல்லிவிட்டார். நாமாக நிறுத்தக்கூடாதாம். மதியத்துக்கு மேல் டீ கிடையாது. தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து நடக்க வேண்டும். நடக்கிறேன். கனவு குறைந்துவிட்டது. ஆனால் கடைசியாக வந்ததில் உன் உதடு நீலமாக இருந்தது. மூச்சு நின்று நின்று வந்தது.

விடிந்ததும் உன் கடிதம் கைக்கு வந்தது. அரிக்கிற மூக்கு, இறங்காத சோறு, அடித்துப் போட்ட தூக்கம். பாம்பின் கால் பாம்பறியும், சித்ரா. நீ என் மாத்திரையைத் தின்கிறாய்.

அந்தத் தூக்கத்தில் உடம்பு மூச்சுவிடவே மறந்துபோகுமாம். டாக்டரம்மா உன் போனுக்கு அடித்துப் பார்த்தார், நீ எடுக்கவில்லை. உன் தம்பி பூவரசன் அறுவடை மெஷினோடு தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்கிறான், அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதுவரை தனியாகப் படுக்காதே. அக்காவைக் கூட வைத்துக்கொள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

வீரமுத்து


விக்கிரமங்கலம்
17.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கோபிக்காதீர்கள். தோள்வலிக்கு அரை மாத்திரைதான் போட்டேன். அன்றைக்குத்தான் உங்களைப் புரிந்துகொண்டேன். இந்த மாத்திரைக்காக உங்களோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். இவ்வளவு அமைதியான இடத்தில் நீங்கள் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது அரை போதவில்லை.

பச்சையம்மாள் அக்கா கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். நான் உள்ளே தாழ் போட்டுவிட்டேன். நீங்கள் வந்திருக்கும்போது மற்றவர் எதற்கு? நேற்று முழுவதும் கட்டிலோரம்தான் நின்றீர்கள். இதை எழுதுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தபால்காரர் வந்தால் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவேன்.

அங்கே கிடந்து எலும்பு நோக எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? முழுசாக வந்துவிடுங்கள். உங்கள் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள்
சித்ரா


பெரம்பலூர்
20.2.2025
பூவரசன் கைவசம்

சித்ரா,

"உங்கள் பங்கு" என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. காவலாளி தோளைத் தொட்டபோதுதான் நினைவு வந்தது. கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

பூவரசன் இன்றுதான் இங்கே வந்து சேர்ந்தான். ஆம்புலன்ஸில் அங்கே வருகிறான், கூட ஒரு நர்ஸும் வருகிறார். நான் வரவில்லை. என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி அவன் கெஞ்சினான், மாட்டேன் என்றுவிட்டேன். இப்போது வந்தால் அது உன்னைப் பார்க்க வருவதாக இருக்காது, சித்ரா. மூச்சில்லாமல் நீ கிடந்தாலும் உன்னைத் தாண்டிப் போய் அந்தப் பெட்டியைத்தான் திறப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

கட்டிலோரம் நிற்பது யாராக இருந்தாலும் அது நானில்லை. நான் இங்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முற்றத்துக்கு எதிரே பெண்கள் பகுதியில் உனக்குக் கட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி கதவைத் தட்டுகிறான். எழுந்து திற.

வீரமுத்து