உனக்காக இரண்டு தடவை நின்றோம், நைனா

என் ஹாரன்கார நைனாவுக்கு,

முதலில் கெட்ட சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மேட்சில் தோற்றுவிட்டோம். அதுவும் பேட்டை கிளப்பிடம், ஒன்றுக்கு இரண்டு. கத்தாதே, உட்கார். நல்ல சேதியும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான்கு நாளாகத் தூக்கமில்லாமல் திரிந்தவள் அன்றைக்கு ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ போய் நாற்பது நாள் ஆவதற்குள் பேட்டைக்காரர்களோடு மேட்ச் வந்துவிட்டது. ஆரம்பிப்பதற்கு முன்னால் உனக்காக ஒரு நிமிஷ மௌனம் வைக்கப் போவதாக நம் கிளப் செக்ரட்டரி அந்தோணி அண்ணன் வந்து சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணாம்ணா" என்றேன். "இன்னாமா நீ? சாந்தோம் டீமுக்குன்னு இத்தினி வருஷமா ஹாரன் அடிச்ச மனுசனுக்கு ஒரு நிமிசம்கூடவா கெடயாது?" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அவருக்கு மறந்துபோயிருக்கலாம். எனக்கு எப்படி மறக்கும்? உன் ஆட்டோவிலிருந்து கழற்றிய அந்த ரப்பர் ஹாரனோடு நீ செய்த காரியத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள் ஆயிற்றே.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு சவாரியை அடையாறில் இறக்கிவிட்டு நீ லேட்டாக மைதானத்துக்கு வந்தாய். பேட்டை டீம் பையன்கள் வரிசையாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நாம் கோல் போட்டுவிட்டோம் என்று நீயே முடிவு செய்துகொண்டாய். ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று பார்க்கக் கூடாதா? பாம் பாம், பாம் பாம் என்று மைதானமே அதிர அடித்தாய். "இன்னா தலீவரே, கதவத் தொறந்து வெச்சிட்டு தூங்கினீங்களா?" என்று அவர்கள் கீப்பரைப் பார்த்துக் கூவினாய். அவர்கள் நின்றது ஜமீலுக்காக. அந்த டீமின் கேப்டன், கரீம் பாயின் தம்பி, காய்ச்சலில் செத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் பக்கம் டிரம் அடிக்கிற கரீம் பாய் திரும்பி உன்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ரெஃப்ரீ பதறிப்போய் விசில் ஊதி ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். கரீம் பாயின் தையல் கடை இருக்கிற தெருவுக்குச் சவாரி வந்தால் பின்னால் வருகிற வண்டியைக் கை காட்டிவிடுவாய். ஒருநாள் அம்மா பிடுங்கி எடுத்த பிறகு மன்னிப்பு கேட்கிறேன் என்று கிளம்பிப் போனாய். போனவன் ஒரு பேன்ட் தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாய்! "கேட்டியா?" என்றால், "அளவு எடுத்துக்கினாரு" என்கிறாய். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அன்றைக்கு உன்மேல் ஆத்திரம்தான், நைனா. வாய் ஓயாமல் ஊரையே கலாய்க்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை ஏன் வரவில்லை?

ஆகவே பேட்டைக்காரர்கள் பதிலுக்கு ஊளையிடுவார்கள் என்றே நினைத்தேன். செத்த பிறகும் உனக்கு அவமானமா என்று பயந்தேன். அவர்கள் செய்தால் தப்பு என்றும் சொல்ல முடியாதே.

ஞாயிறு சாயங்காலம் ரெண்டு டீமும் நடுக்கோட்டில் நின்றார்கள். விசில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து, பாம் பாம்!

என் பையிலிருந்து. உன் போன்!

வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டால் விவரம் சொல்ல வேண்டுமே என்று அதை அணைக்காமல் வைத்திருந்தேன். உன் ஹாரனையே பதிந்து ரிங்டோனாக வைத்துக்கொண்டாயே, மகராசா! பைக்குள் ஜெபமாலை வருகிறது, குடை வருகிறது, சாவிக்கொத்து வருகிறது, போன் மட்டும் வரவில்லை. பாம் பாம், பாம் பாம். பேட்டைப் பையன் ஒருவன் 'க்ளுக்' என்று சிரித்தான். நம் ஆட்களே நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவழியாகப் பையைத் தரையில் கவிழ்த்து அதன் வாயை அடைத்தேன். ரெஃப்ரீ என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

கரீம் பாய் டிரம்மைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நேரே மைதானத்துக்குள் நடந்து வந்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

"ரெஃப்ரீ சார், இது செல்லாது" என்றார். "கீப்பரு முன்னாடியே நவுந்துட்டா பெனால்ட்டிய திரும்ப அடிக்க சொல்றீங்கல்ல? அதே மாதிரிதான் இதுவும். முதல்லேந்து விசில் ஊதுங்க. முழு நிமிசம் நிக்கணும்." பிறகு, சிரித்ததில் குல்லா சாய்ந்திருந்த பையனைப் பார்த்து, "டேய், தொப்பிய ஒயுங்கா போட்டு நில்லு" என்றார்.

மறுபடியும் விசில். மறுபடியும் நின்றார்கள், நைனா. இந்த முறை நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். பேட்டைக்காரர்கள் அத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் உனக்காக நின்றார்கள். மெயின் ரோட்டில் பஸ் போகிற சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு ஜமீலுக்கு இப்படித் திரும்ப நிற்கலாம் என்று நம்மில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என்னைக் குடைந்தது.

கூப்பிட்டது யார் தெரியுமா? மந்தைவெளி மாமி. இடைவேளையில் அதே போனில் கூப்பிட்டேன், நீதான் என்று நினைத்துக்கொண்டார். "தாஸு, எவ்வளவு நாழியா ஆத்து வாசல்ல நின்னுண்டிருக்கேன், வண்டி எங்கே?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

மேட்ச் முடிந்ததும் கரீம் பாயிடம் போனேன். நைனாவுக்காக மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "உங்க நைனா பேன்ட் தைக்க வந்தாரும்மா. எதுக்கு வந்தாருன்னு எனக்குத் தெரியாதா? இடுப்பளவு எடுக்க சொல்லோ அயுதுட்டாரு. நானும் ஒண்ணும் கேக்கல, அவரும் ஒண்ணும் சொல்லல. அதோட முடிஞ்சிபோச்சு" என்றார்.

இதை ஏன் எங்களிடம் சொல்லாமல் மறைத்தாய், அழுமூஞ்சி நைனா? அம்மாவிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

"அந்தப் பேன்ட்டப் போட்டுத்தான் அனுப்பி வெச்சோம், பாய்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். அப்புறம் கேட்டார்: "ஃபிட்டிங் சரியா இருந்திச்சா?"

"கடைசில ரொம்ப எளைச்சிட்டாரு பாய். இடுப்புல மட்டும் கொஞ்சம் லூசு" என்றேன். ரெண்டு பேருமே சிரித்துவிட்டோம். சிரிக்கும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அடுத்த மாதம் அவர்கள் மைதானத்தில் மேட்ச். அந்தோணி அண்ணனிடம் பேசிவிட்டேன். ஆட்டத்துக்கு முன்னால் ஜமீலுக்காக நம் ஆட்கள் ஒரு நிமிஷம் நிற்பார்கள், முதலிலிருந்து, முழுசாக. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன். ஹாரனை எடுத்து வருவேன், ஆனால் ரப்பரைக் கழற்றிவிட்டு. நீ அன்றைக்கு நின்றிருக்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன், நைனா. தலையைக் குனிந்து, ரெஃப்ரீ விசில் ஊதுகிற வரைக்கும்.

அதற்கப்புறம் ரப்பரை மாட்டிக்கொள்வேன். அவர்கள் கீப்பர் அன்றைக்கும் கதவைத் திறந்து வைத்தால் நான் சும்மா இருக்க முடியுமா?

உன் வாயும் உன் ஹாரனும் வாய்த்த மூத்த மகள்,
பிலோமினா