கடல் அடக்கிய பெருமானின் தொட்டி நீர் குறித்து வாரிக்கரையிலிருந்து விடுத்த ஓலை

மழை பிழையாது பெய்க. மலை பெயராது நிற்க. பொறைமலை நாட்டுக்கு அதிபதியும், மதயானைகளுக்கு அங்குசமும், சென்ற கார்த்திகை முதல் ‘கடல் அடக்கிய பெருமான்’ என்னும் விருது தாங்கியவரும், கடலை மட்டும் இன்னும் கண்ணால் பாராதவருமாகிய குன்றாடச் சேந்தர் திருமுன்பு, ஒரு துறையும் இரண்டு உப்பளமும் எண்ணி முடியாத நாய்களும் உடைய வாரிக்கரை நாட்டு அரசி அலர்மேனியார் ஆணைப்படி, அமைச்சன் நன்னாகன் எழுதியது.

இவ்விடம் யாவரும் நலம், எம் மைத்துனர் நீங்கலாக. அவர் தேவரீர் சிறையில் இருக்கிறார்.

எம் தூதரும் எம் தங்கை கணவருமான கீரங்காரி, அரண்மனைப் பளிங்குத் தொட்டியில் நஞ்சு கலந்து அரச மீன்களைக் கொன்றார் என்றும், வரும் அமாவாசையன்று யானைக் காலில் இடப்படுவார் என்றும் தேவரீர் தர்மாசனத்தார் விடுத்த ஓலை கிடைத்தது. கையெழுத்து முத்து. ஓலையெங்கும் சந்தன மணம். யோசித்து எழுதிய வாடை மட்டும் எங்கும் இல்லை.

கீரங்காரியை யாம் நன்கு அறிவோம். மீனைப் பற்றி அவர் கற்றதெல்லாம் தின்பது ஒன்றே. நஞ்சிட்ட மீன் குழம்புக்கு ஆகாது என்பதால், அவர் எந்த மீனுக்கும் நஞ்சிடார். செத்து மிதந்தவற்றைப் பார்த்து, ‘அடடா, வீணாப் போகுதே, கொஞ்சம் புளி கிடைக்குமா?’ என்று கேட்டாராம். அதையே குற்றத்துக்குச் சாட்சியாக எழுதிக்கொண்டார்களாம். அது பசிக்குச் சாட்சி. நஞ்சுக்குச் சாட்சி எங்கே?

மீன்களைக் கொன்றவர் யாரென யாம் சொல்வோம். ‘எம் கொலுமண்டபத்தில் ஒரு கடல் வேண்டும்’ என்று தேவரீர் கேட்டபோது, இருவர் தூக்கும் தொட்டியொன்றில் அடங்குமளவு கடலும், கடலடிப் பாறைக் கற்களும், அமைத்துத் தர ஓர் ஆளும் அனுப்பினோம். கல்லை நீரிலிட்டு, துருத்தியால் ஓயாது காற்றூதி, மீனே இல்லாமல் மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டும் என்றோம். கல்லில் வாழும் கண்காணா உயிர்கள் பெருகி நீரைப் பக்குவம் செய்யுமுன் மீன் விட்டால், அது தன் கழிவிலேயே மாளும் என்றோம். தேவரீர் பொறுத்தீர். அந்நாளெல்லாம் வெறுங்கல்லின் முன் கொலுவிருந்தீர் என்றும், கல்லில் பழுப்புப் பாசி படர்ந்தபோது அவைப்புலவர் அதைப் பொன்னென்று பாடிப் பரிசில் பெற்றார் என்றும், பாசி தானே மறைந்தபோது ‘பொன்னை எடுத்தவன் எவன்?’ என்று வாயிற்காவலர் இருவர் சாட்டையடி பட்டனர் என்றும் கேள்வி.

பிறகு பவளக்கொத்தும், கடற்சாமந்தி என்னும் பூப்போன்ற உயிரும், அதன் விரல்களுக்கிடையே குடியிருக்கும் செம்பட்டை மீன்களும் வந்தன. எல்லாம் செழித்தன. எம் ஆள் விடைபெறும்போது சொல்லி வந்தது ஒன்றே: ‘தொட்டி நீர் வற்றும், வற்றும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.’

அவன் கோட்டை வாயிலைத் தாண்டுமுன்னே தேவரீருக்கு விருது சூட்டிவிட்டார்கள். கேடு அங்கே தொடங்கியது. பெரும்பண்டிதர் முடிகொண்டார் எழுந்து, ‘கடலில் கிணற்றைக் கலந்தால் அது கடலா? நாளைக்குக் குட்டை அடக்கிய பெருமான் என்று மெய்க்கீர்த்தி எழுதவா?’ என்று கேட்க, அவையே வெலவெலத்துப் போயிற்றாம். அன்று முதல் மாலைதோறும் முரசறைந்து, பல்லக்கில் ஏற்றி, எம் துறைக்கு ஆள்விட்டு மொண்டு வந்த கடல் நீரையே ஊற்றி வந்தீர்களாம்.

பெருமானே, ஆவியாகிப் போவது தண்ணீர். உப்பு போவதில்லை, அதற்கு இறகு கிடையாது. போன தண்ணீருக்கு ஈடாக மறுபடியும் உப்பு நீரையே ஊற்றினால், தொட்டி நிறைந்தே தெரியும். உள்ளே உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரிக்கரையில் நாங்கள் வயிறு வளர்ப்பதே இப்படித்தான். தேவரீர் கொலுமண்டபத்தில் வளர்த்தது கடலன்று, உப்பளம். பல்லக்கேறிய முதல் உப்பளம் என்று வேண்டுமானால் இன்னொரு விருது சூடிக்கொள்க.

சாமந்தி சுருங்கிற்று. பவளம் வெளுத்தது. ‘தேவரீர் புகழின் நிறம் ஏறுகிறது’ என்றாராம் பண்டிதர். மீன்கள் அந்தப் புகழில்தான் செத்தன.

ஆகவே இவ்வோலையுடன் ஒரு குடம் புதுக்கடல் நீர் வருகிறது. தர்மாசனத்தார் அவை நடுவே இதில் ஒரு வாயும் தொட்டியில் ஒரு வாயும் அருந்துக. இரண்டுக்கும் முகம் ஒன்றுபோல் இருந்தால் யானையை அழைக்க. தொட்டி நீருக்கு முகம் கூடுதலாகக் கோணினால், அந்தக் கோணலே தீர்ப்பு.

தாமதம் வேண்டாம். எம் தங்கை நாள்தோறும் வாசலில் நின்று, ‘அண்ணா, உன் ஓலைக்கு நாடே நடுங்குதுன்னு பீத்திக்கிறியே! அந்த மலைக்காட்டுப் பயகிட்டேயிருந்து என் வீட்டுக்காரரை மீட்க உனக்கு வக்கில்லையா?’ என்கிறாள். மலைக்காட்டுப் பய என்பது அவள் வாக்கு. யாம் எழுதினோம், அவ்வளவே.

இன்னும் ஒரு மீன் உயிரோடிருப்பதாகக் கேள்வி. தொட்டியில் நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டி அதையும் கொன்றுவிடாமல், நாள்தோறும் சிறிது சிறிதாக உப்பு நீரை மொண்டெடுத்து நல்ல நீர் சேர்க்க. அது தேறியபின் எமக்கே திருப்பி அனுப்புக. கீரங்காரியை அமாவாசைக்கு முன்பே தனி வண்டியில் அனுப்புக; இருவரும் ஒரே வண்டியில் வந்தால் ஒருவர்தான் வந்து சேர்வார்.

அவர் எம் எல்லைக் கல்லைத் தாண்டும் வரை, பொறைமலைக்கு ஏறும் உப்பு வண்டிகள் யாவும் அடிவாரத்தில் அவிழ்த்து நிறுத்தப்படும். இது எம் அரசியார் ஆணை. மலைக்குடிகள் கஞ்சிக்கு என்ன செய்வார்கள் என்று தேவரீர் கலங்க வேண்டாம். கொலுமண்டபத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. முரசறைந்து, காய்ச்சிக்கொள்க.

நண்டு இலச்சினை இட்டோம். ஓலையில் கண்டபடி நடக்க.