இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் கொட்டாஞ்சேனை

ஆகஸ்ட் 4, சனி

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். கடற்காற்று. பால்கனிக் கொடியில் போட்ட துணியெல்லாம் உப்புப் பிசுக்கு.

கம்ப்யூட்டரைக் கழற்றினோம். கழற்றியது ஜூட். ஸ்குரூக்களைத் தேநீர்க் கோப்பைத் தட்டில் பொறுக்கி வைத்தது நான். ஏதோ ஒரு கந்தோரில் அலுவலக வேலைக்கு வைத்திருந்து கழித்துவிட்ட பெட்டி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும், இப்போது பல் மஞ்சள். கலியாணக் கார்ட் அடிக்க வருகிறவர்கள் முன் அறையில் இருந்து இதைத்தான் பார்க்கிறார்கள். போன கிழமை ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இது வேலை செய்யுமோ?" அன்றைக்கே ஜூட் முடிவெடுத்துவிட்டார். பெயின்ட். கடும் நீலம்.

வாங்கி வந்தவை: ஸ்பிரே டின் இரண்டு, பிரைமர், சாண்ட்பேப்பர் (கரடு, நைஸ்), மூக்கு மூடி. டின்னைக் குலுக்கினால் உள்ளே ஏதோ கிலுகிலு என்கிறது. பெயின்ட் கலங்குவதற்கு ஒரு சின்ன இரும்பு உருண்டையாம். சந்திச் செக்கிங்கில் ஆமிக்காரன் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தானாம். 'குண்டு' என்று நினைப்பு வந்துவிடாமல் அதை விளக்க ஜூட் பட்ட பாடு.

காசு கொடுத்து அடிப்பித்தால் என்ன? இதுதான் என் கேள்வி. கொட்டாஞ்சேனையில் ஜூட்டின் அண்ணன் அன்டன் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கராஜ் வைத்திருக்கிறார். தாய் தகப்பன் இல்லாத ஜூட்டை வளர்த்ததும் அவர்தான். ஆனால் எங்கள் பதிவுத் திருமணத்துக்கு வரவில்லை. நான் அவர்களின் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறவில்லை, மாறச் சொல்லி ஜூட் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு இல்லை.

இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன்.

"அங்கெல்லாம் போகத் தேவல. நானே அடிப்பேன்," என்றார்.

சற்றுப் பொறுத்து, சாண்ட்பேப்பரைத் தேய்த்துக்கொண்டே: "பத்து வயசுல இருந்து அந்த மணத்துலதான் வளந்தேன்."

ஆகஸ்ட் 5, ஞாயிறு

காற்றுக் கூடுதல். பெயின்ட் அடிக்கக் கூடாத நாள். அடித்தோம்.

பால்கனியில் பழைய பேப்பர் விரித்து, முன்பக்கமும் இடப்பக்கத் தகடும். வலப்பக்கத் தகடு சுவர் பக்கம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது, பிறகு பார்ப்போம் என்று அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார். முதல் கோட் புகை மாதிரி மெல்லிசாக. அடித்ததாகவே தெரியவில்லை. "இப்பிடித்தான் இருக்கணும்." இரண்டாவது கோட்டில் பொறுமை போய்விட்டது. ஓரத்தில் மூன்று இடத்தில் வழிந்தது. ஒரு நுளம்பு பறந்து வந்து நடுவில் ஒட்டியது. எடுக்கப் போய் விரல் பட்டது. விரலை மறைக்க இன்னொரு கோட்.

கீழ்வீட்டு அன்டி மேலே பார்த்துச் சத்தம்: "என்ன மணமடி தர்ஷினி, தலை சுத்துது!" மன்னிப்புக் கேட்டேன். எனக்கென்னவோ அந்த மணம் பிடிக்கிறது. நெயில் பொலிஷும் பெற்றோலும் கலந்த மாதிரி.

மெஷினின் உள்ளுறுப்பு எல்லாம் மேசையில், பேப்பர் மேல். பெட்டி இல்லாமலும் ஓடும் என்று எனக்குத் தெரியாது. ஒரு அஞ்சலிப் பிரசுரம் வியாழனுக்குள் கொடுக்க வேண்டும், வேலையை நிறுத்த முடியாது. சுவிட்ச் முன்பக்கத் தகட்டோடு போய்விட்டதால் போர்டில் இரண்டு கம்பி முனையை ஸ்குரூ டிரைவரால் ஒருதரம் தொட வேண்டும். தொட்டால் ஃபான் சுற்றுகிறது. முதல்தரம் கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். பிறகு வேண்டுமென்றே நிறுத்தி, நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

வெக்கை. ஜூட் வேலைக்குப் போன பிறகு வலப்பக்கத் தகட்டைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஏன் போனேன்? ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் தொழில்காரர். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதுவும் உண்மை. அந்த மனிதரின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்பதும் உண்மை.

கோட்டையில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். தகட்டைத் தட்டிப் பார்த்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. விட்டார்கள்.

கராஜ் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள். ஒரு வெள்ளை வேன், கண்ணாடியெல்லாம் பேப்பர் ஒட்டி. அவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் பார்த்தார். ஜூட்டின் அதே நெற்றி. யார் என்று தெரிந்துவிட்டது, சொல்லத் தேவை இருக்கவில்லை. என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? எங்கள் பக்கத்தில் அத்தான். விரிப்பை அவிழ்த்தேன்.

"என்ன கலரு?"

"கடும் நீலம். மற்றப் பக்கம் அவர் அடிச்சிட்டார்."

"அவனே அடிச்சானா? டின்லயா?"

"ஓம்."

"எங்க வச்சு?"

"பால்கனியில."

"கடல் காத்துல." தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "பிரைமர் போட்டானா? எத்தின கோட்? காய விட்டானா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நுளம்பைச் சொன்னபோது மட்டும் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. ஜூட் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. எந்தக் கையால் டின்னைப் பிடித்தார் என்று கேட்டார். இடக்கை என்றேன். "அப்ப ஒரு பக்கம் தடிப்பா விழுந்திருக்கும்," என்றார். "சின்னதுலயும் அப்பிடித்தான்."

ஞாயிறு வரச் சொன்னார். எந்த லேன், எந்த வீடு என்று கேட்டுவிட்டு, கராஜ் போன் நம்பரைச் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தந்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை (பொய்).

வீட்டுக்கு வந்து எங்கள் தகட்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். தடிப்பு, ஓம், ஒரு பக்கம். தடவினால் விரலுக்கே தெரிகிறது.

ஜூட்டிடம் சொல்லவில்லை. அட்டை அரிசி டின்னுக்குக் கீழே.

ஆகஸ்ட் 9, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் லேன் முழுக்க செக்கிங். எங்களிடம் வந்தது மூன்று பேர்: ஒரு சார்ஜன், துவக்கோடு ஒருவன், ஒரு பெண் பொலிஸ். நான் தனிய. கதவு திறந்ததுமே சார்ஜன் மூக்கைச் சுளித்தார். பெயின்ட் மணம் இன்னும் போகவில்லை. பால்கனியில் வெறும் இரும்புப் பெட்டி. பக்கத்தில் டின்கள், மூக்கு மூடி. மேசையில் பச்சைத் தகடு, அதிலிருந்து சிவப்பு, மஞ்சள், கறுப்பு வயர்கள். அவர்கள் கண்ணால் பார்த்தபோதுதான் அது எப்படித் தெரிகிறது என்று எனக்கு உறைத்தது.

"மே மொனவாத?" இதெல்லாம் என்ன என்று.

கம்ப்யூட்டர் என்றேன். கம்ப்யூட்டர் இப்படி இருக்காது என்றார். பெயின்ட் அடிக்கிறோம் என்றேன். கம்ப்யூட்டருக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்? என் சிங்களம் கடைக்குப் போதும், இதற்குக் காணாது. துவக்கோடு நின்றவன் வாசலை மறைத்து நின்றான். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தது.

ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அந்த இரண்டு முனையில் வைக்கப் போனபோது மூன்று பேரும் ஒன்றாகப் பின்னுக்குப் போனார்கள். சார்ஜன் கையை நீட்டி "இன்ன, இன்ன!" நில்லு என்று. நான் நின்றேன். ஸ்குரூ டிரைவர் கையில், யாரும் அசையவில்லை. எவ்வளவு நேரமோ. பிறகு பெண் பொலிஸ் மெதுவாக, "பய வென்ன எபா," பயப்படாதே என்றாள். எனக்குச் சொன்னாளா, தங்களுக்குச் சொன்னாளா தெரியவில்லை. சார்ஜன் தலையாட்டினார். தொட்டேன்.

ஃபான் சுற்றியது. திரை வெளித்தது. பாதியில் விட்ட அஞ்சலிப் பிரசுரம், ஒரு வயதானவரின் படம். மூவரும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண் பொலிஸ் கிட்ட வந்து ஃபானுக்கு மேல் கையை வைத்துக் காற்றுப் பார்த்தாள்.

முடிந்தது என்று நினைத்தேன். சார்ஜன் பால்கனிப் பெட்டியைப் புரட்டினார். இதன் மறுபக்கம் எங்கே? கொட்டாஞ்சேனையில் என்றேன். அங்கே யார்? அரிசி டின்னைத் தூக்கி அட்டையை எடுத்துக் கொடுத்தேன். தன் போனில் அடித்தார். என்னைத் தெரியாது என்று அன்டன் சொல்லிவிட்டால்?

மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஒவ் சார், நீல பாட. எயா அபே மல்லிகே நோனா." ஓம் சார், நீலம். அவள் எங்கள் தம்பியின் மனைவி.

'எங்கள்' என்று சொன்னார்.

போகும்போது பெண் பொலிஸ் எங்கள் இடப்பக்கத் தகட்டை விரலால் தடவி, "ஹரி லஸ்ஸனய்," என்றாள். நல்ல வடிவாம். நுளம்பு இருக்கிற இடத்தை அவள் பார்க்கவில்லை.

பிரசுரம் பின்னேரம் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

ஆகஸ்ட் 10, வெள்ளி

வானம் மப்பு. மழை இல்லை.

ஜூட் நேற்று வந்ததும் முழுதும் சொன்னேன், பஸ்ஸில் போனதிலிருந்து. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இருந்தார். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு சோறு இறங்கவில்லை அவருக்கு.

இன்று காலை காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல்: "என்ன பிரைமர் போடப் போறாருன்னு சொன்னாரா?"

"சொல்லேல்ல."

"கேட்டிருக்கலாம்ல."

வாங்க வேண்டியது: தேங்காய், சவர்க்காரம், ஏ-போர் பேப்பர், விளக்குத் திரி.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

வெயில். நல்ல வெளிச்சம்.

நான் கொட்டாஞ்சேனைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு இருக்கக் கதவு தட்டும் சத்தம். ஜூட்டின் அண்ணனே வந்துவிட்டார். தேவாலயப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, கையில் பழைய கம்பளியில் சுற்றிய தகடு. ஜூட்தான் கதவைத் திறந்தார். தகட்டை நீட்டியபடி அண்ணன்: "தூசு படாம வை."

கம்பளியை விரித்தோம். கண்ணாடி. என் முகம், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தென்னை, எல்லாம் நீலத்துக்குள். எங்கள் தகட்டைப் பக்கத்தில் வைத்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சம் விழுந்து அங்கேயே நிற்கிறது. இதைத்தான் பார்க்க ஆசைப்பட்டேன். பார்த்தாயிற்று. எது நல்லது என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. அவருடையதைத் தொடப் பயமாக இருக்கிறது. எங்களுடையதைத் தொட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் அவருடையது பெட்டியில் ஏறவில்லை. வாகனக் கதவுக்குப் போடுகிற தடிப்பு; பெட்டி விளிம்பின் தவாளிப்புப் பள்ளத்துக்குள் தகட்டின் ஓரம் போகாது. தள்ளினார், திருப்பினார், வியர்த்தது.

"ஓரத்துக்கு டேப் ஒட்டிட்டு அடிச்சிருக்கணும்," என்றார் ஜூட். அவ்வளவு நாளைக்குப் பிறகு அண்ணனிடம் சொன்ன முதல் வசனம்.

"ஒன் தகட்டுல நுளம்பு இருக்கு."

"அது காத்து கொண்டாந்தது."

"வழிஞ்சதும் காத்தா?"

இரண்டு பேரும் தரையில் சப்பாணி கட்டி இருந்து ஓரத்தைச் சுரண்டினார்கள், ஒருவர் பிடிக்க ஒருவர் தேய்க்க. நான் தேநீர் வைத்தேன். கொடுக்கும்போது "அத்தான்" என்று வாயில் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். "எங்க பக்கம் அப்பிடிச் சொல்றதில்ல," என்றார். பிறகு, "பரவால்ல, சொல்லு."

தகடு ஏறியது. ஓரத்தில் ஒரு கோடு இரும்பு தெரிகிறது.

இருட்ட முதல் போக வேண்டும் என்று அண்ணன் எழும்பினார், செக்கிங் கூடிவிடும். ஜூட் பஸ் தரிப்புவரை கொண்டுபோய் விட்டுவருகிறேன் என்று கூடப் போனார். பால்கனியில் இருந்து பார்த்தால் லேன் முடிவில் மெயின் ரோட், காலி வீதித் தரிப்பு தெரியும். கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற மட்டக்குளி பஸ் வந்தது, இடமும் இருந்தது. ஏறவில்லை. அடுத்ததும் போய்விட்டது. இன்னும் நிற்கிறார்கள். அண்ணன் டின் பிடிக்கிற மாதிரிக் கையால் அடித்துக் காட்டுகிறார், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். ஜூட் இடக்கையால் செய்து பார்க்கிறார்.