திறந்து வைக்கச் சொன்ன ஜன்னல்

உன் கடை ஜன்னலில் தொங்கிய துணியை இன்று காலை வாளித் தண்ணீரில் நனைத்தேன். துவைத்து மடித்து வைக்கலாம் என்றுதான் எடுத்தேன். தண்ணீர் அரிசி கழுவிய நிறத்துக்கு மாறியது. வெள்ளையடித்த சுவரில் சாரல் பட்டால் வருமே, அந்த வாசம் எழுந்தது. கையை எடுத்துவிட்டேன். பிழியாமல் அப்படியே கொடியில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய காடாத் துணி அது. அரியலூரில், சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வரும் சாலையைப் பார்த்தபடி இருந்த உன் தையல் கடையின் ஒரே ஜன்னலில் தொங்கியது. ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் இதை நனைத்துப் போடுவாய். மதியத்துக்குள் காய்ந்து அப்பளம்போல் விறைத்துவிடும். மறுபடி நனைப்பாய். கறுப்புத் துணி தைக்கக் கொடுத்தவர்களை மட்டும் காலையிலேயே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வாய். சாயங்காலம் வந்தால் அது சாம்பல் நிறமாகியிருக்கும்.

பெரம்பலூரில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேரும் புவியியல்தான். பிறகு நீ கல்யாணமாகி அரியலூருக்குப் போனாய். நான் பெரம்பலூரிலேயே நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரையப் போனேன். நாற்பது வயதில் எனக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தபோது, வீட்டில் எல்லாரும் இந்த வயதிலா என்று கேட்க, நீ ஒருத்திதான் சிரித்தாய்.

“என்னடி படிக்கப்போற?”

“நிலைத்த நகரத் திட்டமிடல்.”

“நம்ம ஊரு நிக்கிறதே பெருசு. நீ போயி நிலைக்க வை.”

ஜெர்மனியில் என் வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் என் வயதில் பாதி. அந்த ஊரில் சைக்கிளுக்குத் தனிப் பாதை. நடப்பவருக்காக பஸ் காத்து நிற்கும். முதல் ஒரு மாதம் சாலையைக் கடக்கும்போதெல்லாம் நான் ஓடினேன். யாரும் துரத்தவில்லை என்பது உடம்புக்குப் புரிய நாளானது.

ஆய்வுக்கு அவரவர் ஊரில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். யார் நடக்கிறார்கள், எப்படிக் கடக்கிறார்கள், என்னென்ன வண்டிகள் போகின்றன என்று மாதக்கணக்கில் எண்ண வேண்டும். ஊருக்கு வந்துபோக எனக்கு வழியில்லை. உன்னைக் கேட்டேன்.

“அங்க ஒக்காந்துகிட்டு எங்க ரோட்டு லாரிய எண்ணுறியா? பொழப்பத்தவளே!” என்றாய். மறுநாளே தொடங்கிவிட்டாய்.

தைத்துக்கொண்டே கோடு போட முடியாது என்பதால் வாயால் எண்ணி, செல்போனில் பதிந்து அனுப்பினாய். தினமும் காலையில் ஒரு மணி நேரம். மெஷினை மிதித்துக்கொண்டே, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு சொல்வாய்: “லாரி. லாரி. டிப்பர். பஸ்சு. ரெண்டு பைக்கு. லாரி. நாயி ஒண்ணு. நாய எண்ணவாடி?” நடப்பவர்களையும் எண்ணு என்று சொல்லியிருந்தேன். “ஒரு அம்மா பைய வச்சிக்கிட்டு நிக்குது. இன்னமும் நிக்குது. லாரி. டிப்பர். இன்னமும் நிக்குது. இந்தா, போயிருச்சு. உசுரோட போயிருச்சு, எழுதிக்க.” என் அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன் குரலைக் கேட்டுக் கேட்டுக் கட்டங்களை நிரப்பினேன். அங்கே எனக்குத் தமிழ் கேட்கக் கிடைத்த ஒரே துணை அதுதான்.

சாத்திய ஜன்னலும் ஈரத்துணியும் சத்தத்தை அமுக்கின. துணியை ஓரமாக ஒதுக்கிப் பார்க்கையில் ஒரு பக்கத்து வண்டிகள் உன் கண்ணிலிருந்து தப்பின. அதனால் நான் சொன்னேன்: “அந்த ஒரு மணி நேரம் மட்டும் துணிய எடுத்துட்டு ஜன்னலத் திறந்து வையேன். தெளிவா வரல.”

“தொறந்தா மாவு மில்லுல ஒக்காந்த மாதிரி ஆயிரும்டி.”

“ஒரு மணி நேரந்தானே.”

திறந்தாய். அதன் பிறகு வந்த பதிவுகள் எல்லாம் தெளிவாக இருந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே கேள்வி: “போதுமாடி? சாத்தவா?” பதிவில் கேட்கும் கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? ‘நாளைக்கும் அனுப்பு’ என்று மட்டும் எழுதி அனுப்புவேன்.

நாளாக ஆக, லாரிகளுக்கு நடுவே உன் இருமல் வந்தது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு ஒரு டிப்பர் கடந்து முடிகிற நேரம் வரைக்கும். கூடப் படித்த ஒரு பெண்ணிடம் இருமல் சத்தத்தில் எண்ணிக்கை தவறுகிறது என்று சொன்னேன். தேவையில்லாத சத்தத்தை வெட்டி எடுக்க ஒரு மென்பொருளைக் காட்டிக்கொடுத்தாள். நன்றாக வேலை செய்தது. உன் இருமலை நான் ஒவ்வொன்றாக, கவனமாக, பிசிறில்லாமல் வெட்டி எடுத்தேன்.

ஒருநாள் நீயே கேட்டாய். “ஒரு வாரம் வுடுறியாடி? தொண்ட ஒரு மாதிரி இருக்கு.”

“வாரம் விட்டா எல்லாம் வீணாயிரும். இன்னும் கொஞ்ச நாள்தான். வெந்நீர் குடி.”

“சரி. படிச்சவ சொன்னா கேக்கணும்.” ஒருமுறை இருமினாய். “நானுந்தான்டி படிச்சேன்.”

அந்தக் கடைசி வரியைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. களப்பதிவு துல்லியமாக இருப்பதாகப் பேராசிரியர் எழுதியிருந்தார். நான் ஊர் திரும்பியபோது நீ திருச்சியில் மருத்துவமனையில் இருந்தாய். என்னைப் பார்த்ததும், “வெள்ளக்காரி வந்துட்டா, நாற்காலி போடுங்க” என்றாய். அதைச் சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினாய்.

மருத்துவர் வந்து, “இருமல் எப்பலேர்ந்து இருக்கு?” என்று கேட்டார்.

“பொங்கலுக்கு அப்புறந்தாங்க சார்” என்றார் உன் வீட்டுக்காரர். நீ தலையாட்டினாய். உனக்கே தெரிந்திருக்கவில்லை.

எனக்குத் தெரியும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. தேதி, மணி, நிமிடம் எல்லாம் என் தோள்பையில் இருந்த கணினியில் இருந்தன. உன் இருமல் தொடங்கிய நாளைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் சொல்லவில்லை. சொன்னால் நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று பயந்தேன்.

பல வருடத் தூசி, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இன்னும் சில வருடம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். சித்திரை முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரரிடம் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. “நீங்க சொல்லியா அவ தூசி தின்னா? கல்யாணமாயி வந்த நாள்லேர்ந்து அந்த ரோட்டுலதானங்க இருந்தா” என்று சொல்லிவிட்டு, இந்தத் துணியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். ஜன்னல் உன்னைக் கொன்றது என்று நானும் சொல்லவில்லை. நீ இருமியதை உலகத்தில் வேறு யாரையும்விட அதிகமாகக் கேட்டவள் நான். கேட்டும், அதை லாரியை மறைக்கும் சத்தமாக மட்டுமே கேட்டேன்.

இப்போது மறுபடி பெரம்பலூர் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். சாலைக் கணக்கெடுப்புப் படிவத்தின் மேல் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: ‘எண்ணுபவர் உடல்நிலை’. புதிதாக வந்த பெண்கள் சிரிக்கிறார்கள். “எங்களையும் எண்ணணுமா மேடம்?” என்கிறார்கள். நிரப்பாமல் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கண்டிப்பான மேடம் என்று பெயர்.

வெட்டாத பழைய பதிவுகளைப் போன மாதம் முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். பென்சிலும் கட்டம் போட்ட தாளும் எடுத்துக்கொண்டு, லாரிகளை விட்டுவிட்டு, இருமலை மட்டும் எண்ணினேன். எத்தனை என்று உனக்குச் சொல்லப்போவதில்லை. கடைசிப் பதிவில் மெஷின் சத்தமே இல்லை. நீ தைப்பதை நிறுத்திவிட்டாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்காக மட்டும் கடையைத் திறந்திருக்கிறாய். முடிவில் அதே கேள்வி, பாதிக் குரலில்.

போதும்டி. சாத்து.